படத்தின் இடது ஓரம்

ஸ்காபரோ, ரொறன்ரோ
26 யூலை 1993

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? போன முறை நீங்கள் தொலைபேசி எடுத்தபோது கேட்க நினைத்தேன். அம்மா கடைசிவரை ரிசீவரை என்னிடம் தரவில்லை.

நேற்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்திலும் அதைச் சொல்லாமலே முடித்துவிடுவேன்.

நேற்று இங்கே சங்கத்தில் 1983 கறுப்பு யூலைக் கலவரத்தின் பத்தாவது ஆண்டு நினைவுக் கூட்டம் நடந்தது. மேடையில் அந்தப் படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். கொழும்பில் பூட்டிக் கிடக்கும் ஒரு தையல்கடையின் கதவோடு ஓர் இளைஞன் நிற்கிறான். கைகள் தோளளவுக்கு உயர்ந்திருக்கின்றன. சேட் ஒரு பக்கம் கிழிந்து தொங்குகிறது. முன்னால் கும்பல், அதில் சிலர் சிரிக்கிறார்கள். அவன் தலை குனிந்திருக்கிறது. கீழே சிவப்பு எழுத்தில் “குனிந்த தலை நிமிரட்டும்.” நான் வேலை செய்யும் அச்சகத்தில்தான் அந்தப் போஸ்ரரை ஒவ்வொரு வருஷமும் அடிக்கிறார்கள்.

படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றியிருந்தார்கள். எல்லோரும் வரிசையில் போய்ப் பூப் போட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற ஓர் அன்ரி தன் மகளிடம், “உந்தப் பொடியனை அண்டைக்கே அடிச்சுச் சாக்காட்டிப்போட்டாங்கள். தாய் தேப்பன் என்ன பாடுபட்டுதுகளோ” என்றார்.

“அவற்ரை பேர் என்னம்மா?”

“ஆருக்குத் தெரியும்? நீ பூவைப் போடு.”

அவர் சாகவில்லை, அவர் பெயர் பத்மநாதன், என் அம்மாவின் தம்பி, ஜேர்மனியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார், எனக்குச் சைக்கிள் பழக்கியவர் அவர்தான். இவ்வளவையும் நான் சொல்லவில்லை. என் முறை வந்தபோது பூவை உங்கள் காலடியில் போட மனம் வராமல் மேடை ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அம்மா வரவில்லை. ஒவ்வொரு யூலையிலும் அவருக்கு அன்றைக்குத்தான் மேலதிக வேலை இருக்கும். அந்தப் படம் வந்த சஞ்சிகையை முதன்முதலில் யாரோ எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. அம்மா ஒரு தரம் பார்த்துவிட்டு அதைக் குப்புற வைத்தார். அன்றைக்கு என்ன நடந்தது என்று அதன் பிறகும் வீட்டில் யாரும் கதைத்ததில்லை. உங்களிடமும் யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். நான் கேட்கலாமா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மருமகள்
நிலாணி

*

டோட்முண்ட்
30 ஓகஸ்ட் 1993

அன்புள்ள நிலாணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். முதுகு மழைக்கு மட்டும் குத்தும். இங்கே மழைதான்.

உணவகத்தில் புதிதாக ஒரு சமையல்காரர் வந்திருக்கிறார். கிரேக்க நாட்டவர். எனக்கும் அவருக்கும் பொதுவாக இருபது ஜேர்மன் சொற்கள் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அரசியல் கதைக்கிறோம். நேற்று எனக்கு வெங்காயம் வெட்டத் தந்தார். கோப்பையிலிருந்து வெங்காயத்துக்கு வந்திருக்கிறேன் என்று அக்காவுக்குச் சொல்லு, பதவி உயர்வு.

நீ மாலை வகுப்பில் படம் வரையப் படிக்கிறாய் என்று அக்கா சொன்னா. கவலையோடுதான் சொன்னா. நீ படி. யூனியன்வில்லில் உன் சித்தி வாங்கிய புது வீட்டின் படம் பார்த்தேன். கார் நிறுத்தும் இடமே எங்கள் விடுதியளவு இருக்கிறது. அந்தப் பிள்ளைகளோடு நீ போய்ப் பழகலாமே. எந்நேரமும் தனியே இருக்கிறாய் போலிருக்கிறது.

வேறென்ன. குளிருக்கு முன்னம் நல்ல சப்பாத்து வாங்கு.

மாமா

*

ஸ்காபரோ
19 செப்ரெம்பர் 1993

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். வெங்காயப் பதவிக்கு வாழ்த்துகள். அம்மா சிரித்தார், பிறகு சமையலறைக்குள் போய்விட்டார்.

நான் கேட்டதற்கு நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். நீங்கள் கோபமாக இருந்தால் கோபம் என்றாவது எழுதுங்கள். தொலைபேசியில் இதைக் கதைக்க முடியாது, அம்மா பக்கத்தில் நிற்பார்.

இந்த அச்சகத்தில் போஸ்ரர் மட்டும் அடிப்பதில்லை. ஆட்கள் அகதிக் கோரிக்கைக்குக் கடதாசிகள் கொப்பி எடுக்கவும் வருவார்கள். பெரும்பாலும் அந்தக் கட்டில் உங்கள் படமும் இருக்கும். “நாட்டு நிலைமைக்கு ஆதாரம்” என்று வக்கீல்மார் சேர்க்கிறார்கள். கொப்பி மேல் கொப்பி எடுத்து உங்கள் முகம் கறுத்துக் கண்ணும் மூக்கும் தெரியாமல் போய்விட்டது. அம்மா சொல்கிறார், “ஊரெல்லாம் அவன்ரை படத்தைக் காட்டி விசா எடுக்குது. அவன் மட்டும் காட்டமாட்டானாம். அது நான்தான் எண்டு ஒரு வசனம் எழுதினாக் காணும், ஜேர்மன்காரன் கையெழுத்து வைப்பான்.” உங்கள் விசாவை மூன்று மாதத்துக்கு ஒரு தரம்தான் நீட்டுகிறார்கள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. எனக்கும்தான்.

இன்னொன்று. நகரத்துக்குள் ஒரு சிறிய கூடத்தில் ஓவியங்கள் பார்க்கப் போனேன், தனியேதான். அமெரிக்காவில் ஒரு காலத்தில் கறுப்பு மக்களை மரத்தில் தூக்கிக் கொன்றபோது, சுற்றி நின்றவர்கள் அதைப் படம் பிடித்துத் தபாலட்டையாக விற்றிருக்கிறார்கள். மாமிக்கும் மச்சானுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அதே படங்களைக் கறுப்பு மக்களின் பத்திரிகைகள், பாருங்கள் உலகத்தோரே என்று திரும்ப அச்சிட்டன. இதை முன்பே வாசித்திருக்கிறேன். அந்தக் கூடத்தில் ஒரு கறுப்புப் பெண் ஓவியர் என்ன செய்திருந்தார் தெரியுமா? அப்படி ஒரு படத்தை எடுத்து, தொங்கியவரை விட்டுவிட்டு, நின்று பார்த்தவர்களின் முகங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பாஸ்போட் படம் போல வரைந்திருந்தார். ஒரு கிழவர், தொப்பி போட்ட ஒரு பெண், ஐஸ்கிறீம் சாப்பிடும் ஒரு சிறுமி. காவலாளி வந்து பூட்டப்போகிறோம் என்று சொல்லும்வரை நின்றேன்.

உங்கள் படத்தை வரைய ஆசைப்படுகிறேன், மாமா. கும்பல் பார்த்தபடி இல்லாமல், போஸ்ரர் பார்த்தபடியும் இல்லாமல், எனக்குத் தெரிந்த உங்களை. சம்மதமா?

நிலாணி

*

டோட்முண்ட்
12 டிசெம்பர் 1993

அன்புள்ள நிலாணிக்கு,

பிந்தி எழுதுகிறேன். கோபம் இல்லை. சுகமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் சுகம் என்று நம்புகிறேன்.

வரையாதே.

என் அகதி வழக்கு மே மாதம் விசாரணைக்கு வருகிறதென்று கடிதம் வந்திருக்கிறது. என்னை இங்கே அனுப்பிய ஏஜென்சிக்காரன் எழுதித் தந்த கதை பழைய கோப்பில் இருக்கிறது. அதையே திரும்பச் சொல்லுவேன். அக்காவிடம் அந்தப் படத்தைப் பற்றி எனக்கு எழுதவேண்டாம் என்று சொல்லு. அவ மனம் நோகாமல் சொல்லு.

பனி பெய்கிறது. கிரேக்கர் நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார். அடுப்படியில் கதைக்க ஆள் இல்லை.

மாமா

*

ஸ்காபரோ
9 ஜனவரி 1994

அன்புள்ள மாமாவுக்கு,

புது வருஷத்தில் உங்களுக்கு முதுகுவலி இல்லாமல் இருக்கட்டும். அம்மாவுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது. மற்றபடி சுகம்.

வரையமாட்டேன். சொன்ன சொல்.

ஆனால் வேலைநேரத்தில் அந்தப் படத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. இந்த வருஷ நாட்காட்டிக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். அச்சகக்காரர் நவரட்ணம் அண்ணை நல்ல மனிதர், கொஞ்சம் வாய். கலியாணக் காட் எடுக்க வந்த ஒருவர் நாட்காட்டியைப் பார்த்து, “அண்ணை, வருஷப்பிறப்புக்கும் உவனோ? ஒரு முருகனைப் போடக்கூடாதே?” என்றார். அண்ணை நிமிர்ந்தும் பார்க்காமல், “முருகன் நிமிர்ந்தெல்லோ நிக்கிறார். சனத்துக்குக் குனிஞ்ச ஆள் தேவைப்படுது. குனிஞ்சு நிண்டாத்தான் உண்டியல் நிரம்பும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் உதட்டை அசைத்தேன்.

அச்சுப்புள்ளி பார்க்கும் கண்ணாடி ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதை உங்கள் முகத்தில் வைத்துப் பார்த்தேன். குனிந்து நிற்பவருடைய கண் தன் காலைப் பார்க்கும், அல்லது மூடியிருக்கும். உங்கள் கண் அகலத் திறந்திருக்கிறது. அது நேரே கீழே போகவில்லை. இடது பக்கம், கீழே, படம் முடிகிற இடத்துக்கும் அப்பால் போகிறது.

மாமா, நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்?

இதற்கும் பதில் இல்லையென்றால் இனிக் கேட்கமாட்டேன். வெங்காயத்தைப் பற்றியே எழுதுவோம்.

நிலாணி

*

டோட்முண்ட்
27 பெப்ரவரி 1994

அன்புள்ள பிள்ளைக்கு,

அக்காவின் தடிமன் மாறிவிட்டதா? நான் சுகம்.

நீ கேட்டதை இவ்வளவு வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஆரம்பத்தில் இங்கே இருந்த பொடியன்கள் சிலருக்கு அது நான் என்று தெரியும். அடிச்சாங்களோ, எப்படித் தப்பினாய், யார் படம் எடுத்தது என்றெல்லாம் கேட்டார்கள். கும்பலைப் பற்றிக் கேட்டார்கள். நான் எதைப் பார்த்தேன் என்று நீதான் கேட்கிறாய்.

நான் நீக்கிலாசைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மன்னார்ப் பொடியன். வெள்ளவத்தையில் நானும் அவனும் ஓர் அறையில் இருந்தோம், ஒரே கந்தோரில் வேலை செய்தோம். அன்றைக்கு இரண்டு பேரும் நடந்து அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தத் தையல்கடை வாசலில் மறித்தார்கள். அவனை முதல் அடியிலேயே விழுத்திவிட்டார்கள். நீ சொன்ன அந்தப் பக்கத்தில், என் காலடியில் கிடந்தான். அவனைப் பார்க்க நான் வேறு எப்படிப் பார்ப்பது? கீழேதானே பார்க்கவேண்டும். அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், கும்பலின் சத்தத்தில் கேட்கவில்லை. அது என்னவென்று வாயைப் பார்த்துப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தேன். அந்த நேரம்தான் எவனோ படம் எடுத்திருக்கிறான். எடுத்தவனை நான் காணவில்லை.

பிறகு நடந்ததை எழுதமாட்டேன். நான் இருக்கிறேன், அவன் இல்லை. அவ்வளவோடு விளங்கிக்கொள்.

அந்தப் படத்தை முதன்முதலில் ஒரு சஞ்சிகையில் பார்த்தேன். அதில் அவனுடைய முழங்காலும் ஒரு கையும் ஓரத்தில் இருந்தன. பிறகு வந்த போஸ்ரர் ஒன்றிலும் அவை இல்லை. உங்கள் மண்டபத்தில் மாலை போடுவது எனக்கு. விளக்கு வைப்பதும் எனக்கு. நான் இங்கே வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறேன். நான் வெட்கப்பட்டு ஒளிக்கிறேன் என்று அக்கா நினைக்கிறா. அந்தப் படத்தைக் காட்டி விசா வாங்கினால் அவனை நானும் ஒருமுறை வெட்டினமாதிரி. அதுதான்.

இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டாதே. அவவுக்கு நீக்கிலாஸ் என்று ஒருவன் இருந்ததே தெரியாது.

மாமா

*

ஸ்காபரோ
13 மார்ச் 1994

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவுக்குச் சுகம். உங்கள் கடிதத்தைப் பேருந்தில் வைத்து வாசித்தேன், இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

அடுத்த நாள் அச்சகத்தில் பழைய பெட்டிகளைக் கிளறினேன். அந்தச் சஞ்சிகைப் பக்கம் இருந்தது. ஓரத்தில் அவர் இருக்கிறார். மடங்கிய முழங்கால், விரிந்த கை. மேலே பென்சிலால் ஒரு நேர்கோடு கீறி “இதுவரை” என்று எழுதியிருந்தது.

நவரட்ணம் அண்ணையிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“அண்ணை, இந்தப் பக்கத்தை ஏன் வெட்டினீங்கள்?”

“எது? ஓ, உதோ. உது வெறும் முழங்காலும் கையுமெல்லே. ஆரின்ரை கை, ஆரின்ரை கால் எண்டு சனம் கேக்கும். போஸ்ரர் எண்டா ஒராள்தான் பிள்ளை. ரெண்டு பேரைப் போட்டா ஒருத்தரிலும் கண் நிக்காது.”

“செத்தது அந்த ஆள்தான். நிக்கிறவர் சாகேல்லை.”

அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உனக்கு ஆர் சொன்னது?”

நான் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “பத்து வருஷமாய் அடிச்சாச்சு. லண்டன், பாரிஸ், நோர்வே எல்லாம் என்ரை அச்சுப் பிளேற்றிலை இருந்துதான் போனது. இப்ப போய் என்னெண்டு சொல்லுறது, பாதிப் படத்துக்குத்தான் அழுதனீங்கள் எண்டோ?” பிறகு மெல்லிய குரலில், “அந்த இடத்திலைதான் சங்கத்தின்ரை பேர் போடவேண்டியிருந்தது” என்றார்.

அந்தப் பக்கத்தை எனக்குத் தந்துவிட்டார்.

உங்களை வரையமாட்டேன் என்று சொன்னேன். நீக்கிலாஸ் மாமாவை வரையலாமா? எனக்கு அவருடைய முகம் தெரியாது. முழங்காலும் கையும்தான் தெரியும். அவர் எப்படி இருப்பார்? அன்றைய நாளைக் கேட்கவில்லை. மற்ற நாட்களில் எப்படி இருப்பார்?

நிலாணி

*

டோட்முண்ட்
10 ஏப்ரல் 1994

அன்புள்ள பிள்ளைக்கு,

நான் சுகம். கிரேக்கர் வீட்டில் சமைத்த ஆட்டிறைச்சி கொண்டுவந்தார். நான் கேட்காமலே பாதியைக் கட்டித் தந்தார்.

வரை. ஆனால் விழுந்து கிடக்கிறதாக வரையாதே. அவனை நான் அப்படிப் பார்த்தது போதும்.

மெலிந்தவன், என்னைவிடக் கறுப்பு. நெற்றி அகலம். மேல்வாய்ப் பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், அதனால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பான். அவனுக்கு வாய்த்த சப்பாத்து எல்லாம் நாடா அவிழுகிற சப்பாத்து. வெள்ளவத்தைக் காலி வீதி நெடுகக் குந்திக் குந்திக் கட்டுவான். நான் கடைக் கதவோடு சாய்ந்து நின்று, “கெதியா வாடா, பஸ் போகப்போகுது” என்பேன். “பஸ் போனால் அடுத்த பஸ், சப்பாத்துப் போனால் அடுத்த சம்பளம்” என்பான். நல்ல குரல், பாட்டு வராது. ஆனால் பாடுவான்.

இதை எழுத நான்கு நாள் எடுத்தது. அவனைப் பற்றி இவ்வளவு காலமும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. பல் ஏறியிருந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

கொட்டாஞ்சேனையில் அவனுக்கு ஒரு தமக்கை இருக்கிறா, கிறிஸ்ரினா அக்கா. தம்பி காணாமல் போனான் என்பது மட்டும்தான் அவவுக்குத் தெரியும். கப்பல் ஏறி எங்கோ போய்விட்டான், ஒரு நாள் வருவான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாவாம். அவவுக்கு எழுத எத்தனையோ தரம் தொடங்கினேன். கடிதத்தில் எழுதக்கூடிய விஷயமா அது?

இப்போது ஒன்றை முடிவெடுத்திருக்கிறேன். மே மாதம் கதிரையில் இருத்திக் கேட்கும்போது ஏஜென்சிக்காரனின் கதையைச் சொல்லப்போவதில்லை. அந்தப் படத்தில் நிற்பது நான், கீழே கிடப்பவன் நீக்கிலாஸ் என்று சொல்லுவேன். நான் யாரென்று சொல்லாமல் அவன் யாரென்று சொல்ல வழியில்லை. ஓர் அரசாங்கத்தின் கோப்பிலாவது அவன் பெயர் இருக்கட்டும்.

சஞ்சிகைப் பக்கத்தின் நல்ல கொப்பி ஒன்று அனுப்பு.

மாமா

*

ஸ்காபரோ
2 மே 1994

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சுகம். கொப்பியை இத்துடன் வைத்திருக்கிறேன். முகம் கறுக்காமல், கையும் முழங்காலும் தெளிவாக விழும்வரை திரும்பத் திரும்ப எடுத்தேன்.

நான் வரைந்த படத்தின் கொப்பியும் இருக்கிறது. உங்களை நான் வரையவில்லை. உங்கள் பக்கம் அதே போஸ்ரர்தான், ஒரு கோடு சேர்க்கவில்லை. அதன் இடது விளிம்பில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, பென்சிலால் வரைந்தேன். அவர் குந்தியிருந்து சப்பாத்துக் கட்டுகிறார், முகம் உங்களை நோக்கி மேலே பார்க்கிறது, வாய் மூடியிருக்கிறது. ஒட்டி முடித்துவிட்டு எட்டி நின்று பார்த்தேன். நீங்கள் அவருக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

கும்பல் இன்னும் அங்கேயே நிற்கிறது. அவர்களை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

பல் சரியா? சரியில்லையென்றால் எழுதுங்கள், திருத்துகிறேன்.

விசாரணை நாள் முழுக்க உங்களை நினைத்துக்கொண்டிருப்பேன்.

நிலாணி

*

டோட்முண்ட்
12 யூன் 1994

அன்புள்ள பிள்ளைக்கு,

சுகமாக இருக்கிறேன். இங்கே வெயில் தொடங்கிவிட்டது.

பல் சரி. நெற்றி இன்னும் கொஞ்சம் அகலம். திருத்தவேண்டாம், இப்படியே இருக்கட்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரன் உன் தம்பியா என்று கேட்டான். ஓம் என்றேன்.

விசாரணை நடந்தது. சொன்னேன், எல்லாவற்றையும். நீக்கிலாசின் முழுப்பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் ஒரு தமிழர், அழுதுவிட்டார். நீதிபதி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, இதே படத்தில் நிற்பது தாங்கள்தான் என்று இதற்கு முதல் இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள் என்றார். முதல் கோப்பில் நான் இதைச் சொல்லவில்லை, இவ்வளவு காலம் கழித்து ஏன் சொல்கிறேன் என்றும் கேட்டார். என் முகமும் இப்போது அந்த முகம் இல்லை. தலை நரைத்து, உடம்பும் வைத்துவிட்டது. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. கெட்ட மனிதர் என்று எனக்குப் படவில்லை.

நம்பமுடியாது என்று எழுதிவிட்டார்கள்.

அந்த இரண்டு பேரில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்கும் ஏதோ நடந்திருக்கும். அதைப் படம் எடுக்க ஆள் இல்லாமல் போயிருக்கும்.

மேல்முறையீட்டுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, உறவினர் யாராவது சத்தியக்கடதாசி தந்தால் நல்லது என்று வக்கீல் சொன்னார். அக்காவை அலைக்கழிக்காதே.

மாமா

*

ஸ்காபரோ
25 யூலை 1994

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா உங்கள் சுகத்தைக் கேட்கிறார். இந்தமுறை அவர் பக்கத்தில் இருக்கத்தான் எழுதுகிறேன்.

யூன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு பெப்ரவரிக் கடிதத்தையும். வேண்டாம் என்று நீங்கள் சொன்னது தெரியும். நீங்கள் கூண்டில் ஏறிச் சொன்ன பிறகு நாங்கள் இங்கே வாயை மூடிக்கொண்டிருப்பது சரியில்லை என்று பட்டது. அம்மா அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நொத்தாரிசிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடித்தார். உங்கள் சிறுவயதுப் படங்களும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். இதற்குள் கிடைத்திருக்கும்.

நேற்று நினைவுக் கூட்டம். மேடையில் வழக்கமான போஸ்ரர்தான், மாலையும்தான். என் படத்தை மண்டபத்தில் வைக்கக் கேட்டேன். சங்கச் செயலாளர் அது நிகழ்ச்சிநிரலில் இல்லை என்றார். நவரட்ணம் அண்ணை, “எனக்கு ரெண்டு வருஷ போஸ்ரர்க் காசு நிலுவையிலை இருக்கு, அதுவும் நிகழ்ச்சிநிரலிலை இல்லை” என்றார். அதன்பிறகு சப்பாத்துக் கழற்றும் இடத்துக்கு மேலே ஒரு சுவர் கிடைத்தது.

ஆட்கள் குனிந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிரும்போது அது கண்ணில் படும். பலர் பார்க்காமலே போனார்கள். இரண்டு பொடியன்கள் நின்றார்கள். “இதென்னடா, சப்பாத்து விளம்பரமோ?” “பாட்டா கொம்பனிக்காரன் காசு குடுத்திருப்பான்.” ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்து, தியாகத்தைக் கேலி செய்கிறாயா பிள்ளை என்று கேட்டார். இல்லை ஐயா என்றேன். கூட்டம் முடிவதற்கு முன்னமே செயலாளர் படத்தை இறக்கச் சொல்லிவிட்டார்.

அதற்கு முதல் அம்மா வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தரம். வேலை உடுப்போடு வந்து, ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் இல்லாமலும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றார். பின்னால் வந்தவர்கள், “அன்ரி, கொஞ்சம் அரக்கி வழி விடுங்கோ” என்றார்கள். அம்மா அரக்கவில்லை.

“அவன் குனியேல்லையடி” என்றார். “பாத்துக்கொண்டெல்லோ நிக்கிறான்.”

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “இவன் என்ரை தம்பி. உயிரோடை இருக்கிறான். மற்றவன்ரை பேர் நீக்கிலாஸ்” என்றார். கொஞ்சப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தத்தில் எத்தனை பேருக்குக் கேட்டதோ தெரியாது.

சத்தியக்கடதாசி கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள். அம்மா ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறக்கிறார்.

நிலாணி

*

கொட்டாஞ்சேனை, கொழும்பு
6 நவம்பர் 1994

அன்புள்ள நிலாணிக்கு,

உன் யூலைக் கடிதத்துக்கு இங்கிருந்து பதில் எழுதுகிறேன். நான் சுகம். விமான நிலையத்தில் ஒரு பகல் இருத்தி வைத்துக் கேள்வி கேட்டார்கள், விட்டுவிட்டார்கள். வேறொன்றும் இல்லை. ஒரு கடையின் மேல்மாடியில் அறை எடுத்திருக்கிறேன். கணக்கு எழுத ஆள் தேவை என்றார்கள்.

அக்காவின் சத்தியக்கடதாசி நேரத்துக்குக் கிடைத்தது. அதை நான் வக்கீலிடம் கொடுக்கவில்லை. அக்காவுக்கு, பிந்தி வந்தது என்று சொல்லு. ஏன் என்று நீ கேட்பாய். கிறிஸ்ரினா அக்காவுக்குக் கடிதத்தில் எழுத வரவில்லை, நானே திரும்பி வந்துவிட்டேன்.

வந்த கிழமையே கிறிஸ்ரினா அக்காவிடம் போனேன். அவவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. தேத்தண்ணி தந்துவிட்டு எதிரில் இருந்தா. முழுவதையும் சொன்னேன், உனக்கு எழுதாததையும் சொன்னேன். நீ வரைந்ததைக் கொடுத்தேன். நெடுநேரம் மடியில் வைத்திருந்தா. அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டா: “அண்டைக்குச் சாப்பிட்டிருந்தவனோ?” ஓம், இரண்டு பேரும் கந்தோரில் சாப்பிட்டுத்தான் வெளிக்கிட்டோம் என்றேன்.

போன புதன்கிழமை, மரித்த விசுவாசிகளின் நாளில், நீக்கிலாசுக்கு முதற்தரம் பூசை ஒப்புக்கொடுத்தோம். சுவாமியார் அவன் பெயரை வாசித்தார். கிறிஸ்ரினா அக்காவும் நானும் முன்வரிசை வாங்கில் இருந்தோம்.

மாமா